ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் எழுத்துகளைக் கையாள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் உரையோடு வேலை செய்யும் வெப் டெவலப்பர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர் கேட்கும் படிவம், தேடல் பெட்டி, அகரவரிசைப் பட்டியல், எக்ஸெலுக்குப் போகும் ஃபைல் என்று தமிழ் வரும் இடங்களில் எல்லாம் ஏறக்குறைய இதே சிக்கல்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. முக்கால்வாசிக்கு வெளியிலிருந்து லைப்ரரி எதுவும் தேவையில்லை, பிரவுசரிலேயே தீர்வு இருக்கிறது. கட்டளைப் பெயர்களை உச்சரிக்கிறபடியே தமிழில் தந்திருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

‘தமிழ்’ என்ற சொல்லில் மூன்று எழுத்துதானே? லெங்த் ஏன் 5 என்கிறது?

யூனிகோடில், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுக் குறியீட்டு முறையில், உயிர்மெய் எழுத்துகளுக்கும் புள்ளி வைத்த மெய்களுக்கும் தனித்தனி இடம் கிடையாது. மெய்யெழுத்து அகரம் ஏறிய நிலையில் (க, த, ம) ஓர் இடத்தில் இருக்கும். மேல்விலங்கு, துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். ஆகவே ‘தமிழ்’ என்பது த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி என்று ஐந்தாகச் சேமிக்கப்படுகிறது. லெங்த் எண்ணுவது அந்த ஐந்தை.

எமோஜி எண்ணும்போது ஸ்ப்ரெட் முறையைப் பயன்படுத்தச் சொல்வார்கள், அதாவது சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி போட்டு ஸ்ட்ரிங்கை விரிப்பது. பல எமோஜிகளுக்கு அது சரி, ஏனென்றால் அவை இரண்டு அலகுகளாகப் பிரிந்து கிடப்பவை. தமிழில் ஒவ்வொரு குறியும் ஏற்கெனவே ஒரே அலகுதான். விரித்தாலும் அதே ஐந்துதான் வரும்.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எப்படி எண்ணுவது?

மொழி சார்ந்த வேலைகளுக்காக ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்ட்ல் தொகுப்பில் உள்ள செக்மென்டர் இதற்காகவே வந்தது. புதிய இன்ட்ல்.செக்மென்டர் ஒன்றை உருவாக்குங்கள். மொழியாக ‘டிஏ’ என்றும், கிரானுலாரிட்டி என்ற ஆப்ஷனில் ‘கிராஃபீம்’ என்றும் கொடுங்கள். அதன் செக்மென்ட் மெத்தடுக்கு உங்கள் உரையைத் தந்து, கிடைப்பதை அரே.ஃப்ரம் வழியாக அரேயாக மாற்றினால் ஒவ்வோர் எழுத்தும் ஓர் உறுப்பாக வரும். ‘தமிழ்’ மூன்றாகிவிடும். ‘சுப்பிரமணியன்’ என்ற பெயருக்கு லெங்த் 13 சொல்லும், செக்மென்டர் 8 சொல்லும்.

குரோமில் 2020 முதலும் சஃபாரியில் 2021 முதலும் இது உண்டு. ஃபயர்பாக்ஸில் 2024-இல்தான் வந்தது. பழைய பிரவுசரையும் ஆதரித்தாக வேண்டும் என்றால் ஒரு ரெகெக்ஸ் (உரையில் தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லும் சூத்திரம்) போதும்: ‘குறி அல்லாத ஏதாவது ஒன்று, அதைத் தொடர்ந்து எத்தனை குறிகள் வந்தாலும் சரி’. பின்சாய்வுக்கோட்டுடன் பெரிய பி போட்டு நெளிவு அடைப்புக்குள் எம் (குறிகளின் வகைப் பெயர்), அடுத்து சின்ன பி போட்டு அதேபோல எம், நட்சத்திரம். ஜி, யு இரண்டு ஃபிளாகும் வேண்டும். தமிழ் உரைக்கு இது செக்மென்டர் தரும் விடையையே தரும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ‘க்ஷ’ திரையில் ஒரே எழுத்தாகத் தெரிந்தாலும் இரண்டு முறைகளிலும் க், ஷ என்று இரண்டாகவே வரும். ‘ஸ்ரீ’யும் அப்படியே. ஒன்றாக எண்ண வேண்டுமென்றால், பிரித்தபின் அந்த ஜோடிகளை நீங்களே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

படிவத்தில் மேக்ஸ்லெங்த் வைப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதுவும் லெங்த் எண்ணுவதைத்தான் எண்ணுகிறது. ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 10 என்று போட்டால் சுப்பிரமணியன் தன் பெயரை முடிக்கவே முடியாது. டேட்டாபேஸில் பைட் கணக்கில் வரம்பு இருந்தால் நெருக்கடி இன்னும் கூடும். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், அந்த ஒரு பெயருக்கே 39 பைட்.

சொல்லைத் திருப்பிப் போடும் ஃபங்ஷன் தமிழில் ஏன் உடைகிறது?

ஸ்ப்ளிட், ரிவர்ஸ், ஜாயின் என்ற மூன்றையும் கோத்து எழுதும் ஒருவரி நிரலைத்தானே கேட்கிறீர்கள்? ‘விகடகவி’யை அதில் போட்டுப் பாருங்கள். முன்பின் எப்படிப் படித்தாலும் ஒன்றாக இருக்கும் சொல் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஆனால் உள்ளே அது வ, மேல்விலங்கு, க, ட, க, வ, மேல்விலங்கு என்று இருக்கிறது. திருப்பினால் முதலில் வந்து நிற்பது மேல்விலங்கு. தன் முன்னால் எழுத்து இல்லாததால் அது ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தொங்கும். நடுவில் இருந்த ககரம் அடுத்த மேல்விலங்கை வாங்கிக்கொண்டு ‘கி’ ஆகிவிடும். கடைசியில் வெறும் ‘வ’. இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டால் ஃபால்ஸ்.

செக்மென்டரால் பிரித்தால் வி, க, ட, க, வி. இப்போது திருப்பி ஒட்டினால் அதே விகடகவி. ‘தேரு வருதே’ என்பதையும் இடைவெளியை நீக்கிவிட்டு இதே வழியில் சோதிக்கலாம். தமிழ்ச் சொல் விளையாட்டு ஏதாவது எழுதப் போகிறீர்கள் என்றால் முதல் வேலையாக இந்தப் பிரிக்கும் ஃபங்ஷனை எழுதி ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் நிரப்புதல், எழுத்து கலைத்தல், சொல் கண்டுபிடித்தல் எல்லாமே இதன்மேல்தான் நிற்கும்.

தலைப்பை வெட்டிக் காட்டும்போது அர்த்தமே மாறுகிறது. என்ன செய்வது?

ஸ்லைஸ் கண்மூடித்தனமாக வெட்டும். ‘கல்’ என்பதில் முதல் இரண்டை எடுத்தால் ‘கல’. புள்ளி போய்விட்டது. பெயர்களில் இப்படி நடந்தால் பெயருக்குரியவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். இடப்பற்றாக்குறைதான் காரணம் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் பக்கமே போகாதீர்கள். சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஃப்ளோ ஹிடன், ஒயிட்-ஸ்பேஸ் நோரேப் இரண்டோடு டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ் போட்டால் பிரவுசரே எழுத்து உடையாமல் வெட்டிக்கொள்ளும், திரை அகலம் மாறினாலும் அதுவே சரிசெய்துகொள்ளும். குறுஞ்செய்தி, அறிவிப்பு மாதிரி உரையையே சுருக்கித்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் மட்டும் செக்மென்டரால் பிரித்து, வேண்டிய அளவு எடுத்து, ஜாயின் செய்யுங்கள்.

படம் இல்லாத பயனருக்கு வட்டத்துக்குள் முதலெழுத்து காட்ட வேண்டும்.

பெயரின் பூஜ்ஜியமாவது இடத்தை எடுத்தால் செல்வி ‘ச’ ஆவார், கௌரி ‘க’ ஆவார். செக்மென்டர் தரும் முதல் உறுப்பை எடுங்கள்: செ, கௌ.

இரண்டு சொல்லும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒப்பிட்டால் ஏன் ஃபால்ஸ் வருகிறது?

‘கோவை’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு தனியாக, கால் தனியாகவும் சேமிக்கலாம். முதல் வகையில் லெங்த் 4, இரண்டாவது வகையில் 5. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. கீபோர்டு, பழைய மாற்றி, பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரை என்று வழி மாறும்போது வகையும் மாறும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று குறிகளுக்கும் இது பொருந்தும்.

தீர்வு நார்மலைஸ் என்ற மெத்தட். எதுவும் கொடுக்காமல் வெறுமனே கூப்பிட்டால் போதும், பிரிந்து கிடப்பதை ஒன்றாக்கிவிடும். உரை உள்ளே வரும் வாசலிலேயே, அதாவது படிவம் சமர்ப்பிக்கும்போதும் தேடல் சொல்லை வாங்கும்போதும், இதைச் செய்துவிடுங்கள். ஒப்பிடும் ஒவ்வோர் இடத்திலும் போட நினைத்தால் எங்காவது ஒன்று விடுபடும்.

ஆனால் நார்மலைஸ் எல்லாவற்றையும் தீர்க்காது. ‘கௌரி’க்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெளரி’ என்று அடித்திருப்பார்கள். ‘ஔவை’யை ‘ஒளவை’ என்று ஒகரமும் ளகரமுமாக அடித்திருப்பார்கள். யூனிகோட் கணக்கில் இவை வேறு வேறு எழுத்துகள். ‘ஸ்ரீ’யையும் இரண்டு விதமாக எழுதலாம், ‘ஸ’ போட்டும் ‘ஶ’ போட்டும். பெயர்ப் பட்டியலில் தேட வேண்டுமென்றால் இவற்றுக்குத் தனியாக ஒரு மாற்று அட்டவணை வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. கூடவே கண்ணுக்குத் தெரியாத ஜீரோ விட்த் எழுத்துகளையும், முக்கியமாக எண் 8203, 8204, 8205 ஆகியவற்றை, தேடல் சொல்லிலிருந்து நீக்கிவிடுங்கள்.

சார்ட் செய்தால் அகரவரிசை ஏன் குழம்புகிறது?

வெறும் சார்ட் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் நகரத்தை அடுத்து உடனே னகரம், ரகரத்தை அடுத்து றகரம், பிறகு ல, ள, ழ, வ. நாம் படித்த வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஆகவே படம், பயிர், பலா, பழம், பள்ளம், பறவை, பனை என்று வர வேண்டியது, படம், பனை, பயிர், பறவை, பலா, பள்ளம், பழம் என்று வந்து நிற்கும். அகராதி பார்த்துப் பழகியவர் கண்ணில் இது உடனே உறுத்தும்.

இன்ட்ல்.கொலேட்டரை ‘டிஏ’ என்று கொடுத்து ஒரே ஒருமுறை உருவாக்குங்கள். அதன் கம்பேர் ஃபங்ஷனை அப்படியே சார்ட்டுக்குக் கொடுங்கள். லொகேல்கம்பேர் மெத்தடும் இதே வேலையைச் செய்யும், ஆனால் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கும்போது கொலேட்டரை ஒருமுறை செய்து வைத்துக்கொள்வதே வேகம். நியூமெரிக் ஆப்ஷனை ட்ரூ ஆக்கினால் ‘வார்டு 10’ என்பது ‘வார்டு 2’-க்குப் பின்னால் ஒழுங்காகப் போய் நிற்கும்.

பெயர்ப் பெட்டியில் தமிழை மட்டும் அனுமதிக்கும் ரெகெக்ஸ் எது?

‘எழுத்து’ என்று பொருள்படும் பின்சாய்வு டபிள்யூ ஆங்கிலத்தை மட்டும்தான் அறியும். சரி, யூனிகோட் எழுத்து என்று அர்த்தம் தரும் எல் வகையைப் போடலாம் என்றால், உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதில் அடங்காது, அவை எம் வகை. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். தமிழ் மட்டும் என்றால் ஸ்கிரிப்ட் ஈக்வல் டமில் என்ற வடிவம் நேரடியானது, 2018-இலிருந்தே மொழியில் உண்டு, யு ஃபிளாக் கட்டாயம். இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும் தனியாகச் சேர்த்துவிடுங்கள். நம் பெயர்களில் தலைப்பெழுத்து இருக்கும், அந்தத் தலைப்பெழுத்தை ஆங்கிலத்தில் போடுகிறவர்களும் நிறைய. என்னைக் கேட்டால் பெயரை இவ்வளவு கெடுபிடியாகச் சோதிக்கவே வேண்டாம். காலியாக இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தேடிய சொல்லை மஞ்சளில் காட்டும்போது புள்ளிவட்டம் தெரிகிறது.

‘கல’ என்று தேடினால் ‘கல்வி’க்குள்ளும் அது அகப்படும். இன்க்ளூட்ஸ் குறிகளைத்தான் பார்க்கிறது, எழுத்துகளை அல்ல. அடித்துக்கொண்டிருக்கும்போதே பரிந்துரை காட்டுவதற்கு இது உதவிதான். ஆனால் கிடைத்த இடத்தை மார்க் டேகுக்குள் போடும்போது ‘கல’ உள்ளேயும் புள்ளி வெளியேயும் பிரிந்துவிடும். பொருத்தம் முடியும் இடத்துக்கு அடுத்தது எம் வகைக் குறியா என்று பாருங்கள். ஆம் என்றால் முடிவை ஓர் இடம் தள்ளி வையுங்கள்.

சொல்லின் எல்லையைக் குறிக்கும் பின்சாய்வு பி தமிழில் வேலைக்கு ஆகாது. அதற்கும் செக்மென்டர்தான், கிரானுலாரிட்டியில் ‘வேர்டு’. வேற்றுமை உருபு இன்னொரு தலைவலி. ‘மதுரை’ என்று தேடினால் ‘மதுரையில்’ கிடைக்கும், ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ கிடைக்காது. மகர மெய்யில் முடியும் சொல்லாக இருந்தால் கடைசி எழுத்தை விட்டுவிட்டும் ஒருமுறை தேடச் செய்வது சின்ன தந்திரம்தான், பலன் பெரிது.

பரிந்துரையைத் தேர்வுசெய்ய என்டர் தட்டினால் படிவமே போய்விடுகிறது.

‘அம்மா’ வர ஆங்கிலத்தில் ஒலியை அடிக்கும் கீபோர்டுகளில் என்டர் என்பது சொல்லை உறுதிசெய்யும் விசை. உங்கள் நிரல் அதைச் சமர்ப்பிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. கீடவுன் ஃபங்ஷனின் முதல் வரியில் ஈவென்ட்டின் இஸ்கம்போசிங் ட்ரூவா என்று பார்த்து, ஆம் என்றால் ரிட்டர்ன் ஆகிவிடுங்கள். சஃபாரிக்காகக் கீகோட் 229 என்பதையும் சேர்த்துச் சோதியுங்கள். ஆண்ட்ராய்டில் எந்த விசை என்பதே பெரும்பாலும் தெரியாது, ஆகவே எழுத்துகளைக் கவனிக்க கீடவுனை நம்பாமல் இன்புட் ஈவென்ட்டைப் பயன்படுத்துங்கள்.

இறக்கிய சிஎஸ்வி ஃபைல் எக்ஸெலில் கிறுக்கலாக வருகிறது.

ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. அது யூடிஎஃப்-8 என்று எக்ஸெலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பிளாப் உருவாக்கும்போது உரைக்கு முன்னால் 65279 என்ற எண்ணுக்குரிய பைட் ஆர்டர் மார்க்கை ஒட்டுங்கள். ஸ்ட்ரிங்.ஃப்ரம்கேர்கோட் அதைத் தரும்.

12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி எப்படி?

டூலொகேல்ஸ்ட்ரிங் மெத்தடுக்கு ‘டிஏ-ஐஎன்’ கொடுங்கள். ஒன்றும் கொடுக்காவிட்டால் பயனரின் கருவி மொழியைப் பொறுத்து 1,234,567 என்றும் வரலாம். தமிழ் எண்களே வேண்டுமென்றால் நம்பரிங்சிஸ்டம் ஆப்ஷனில் டி-ஏ-எம்-எல்-டி-இ-சி என்று போட்டால் ௧௨,௩௪,௫௬௭ கிடைக்கும். திரும்ப வாங்கும்போது நம்பர் ஃபங்ஷன் ‘௧௨’ என்பதை எண்ணாக ஏற்காது, நேன் என்று சொல்லும். ஒவ்வோர் இலக்கத்தின் கேர்கோடிலிருந்தும் 3046-ஐக் கழித்தால் 0 முதல் 9 வரை வந்துவிடும்.

டொரண்டோவில் இருப்பவருக்குப் பொங்கல் தேதி ஒருநாள் முன்னால் தெரிகிறதாம்.

2025-01-14 என்று நேரம் இல்லாமல் டேட்டுக்குக் கொடுத்தால் அது யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அது காலை 5.30, ஆகவே தேதி மாறாது, நாமும் கவனிக்க மாட்டோம். டொரண்டோவிலோ முந்தின நாள் மாலை 7 மணி. டூலொகேல்டேட்ஸ்ட்ரிங்கில் டைம்ஸோன் ஆப்ஷனை ஏஷியா/கொல்கத்தா என்று கொடுத்துவிட்டால் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே தேதி. டேட்ஸ்டைலை லாங் என்று வைத்தால் ‘14 ஜனவரி, 2025’ என்று தமிழிலேயே வரும்.

தமிழ் இணைப்பை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பாதியில் அறுகிறது.

என்கோட்யூஆர்ஐ அல்ல, என்கோட்யூஆர்ஐகம்பொனென்ட் வேண்டும். முன்னது ஆம்பர்சண்டைத் தொடாமல் விட்டுவிடும், செய்தி அங்கேயே அறுந்துவிடும். ‘தமிழ்’ என்பது 45 எழுத்துகளாக நீண்டால் பயப்படாதீர்கள், ஒரு குறிக்கு 9 எழுத்து, அதுதான் கணக்கு. இதே போல உரையை பேஸ்64 வடிவமாக்கும் பிடுஏ ஃபங்ஷனும் தமிழை நேரடியாக வாங்காமல் பிழை தரும். டெக்ஸ்ட்என்கோடரால் பைட்டுகளாக்கி, ஒவ்வொரு பைட்டையும் ஸ்ட்ரிங்.ஃப்ரம்கேர்கோடால் ஓர் எழுத்தாக்கி ஒட்டிவிட்டு அதில் கொடுங்கள்.

பழைய பாமினி உரையை யூனிகோடாக்க ஒரு ரிப்ளேஸ்ஆல் போதாதா?

போதாது. பாமினி எழுத்துருவில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் திரையில் ‘தமிழ்’ தெரியும். இந்தச் சொல்லுக்கு நேரடி மாற்றம் சரியாக வரும். இப்போது ‘கொ’ எழுதிப் பாருங்கள்: என், எஃப், ஹெச். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால். யூனிகோடிலோ ககரம் முதலில், குறி பின்னால். ஆகவே கொம்பையும் அடுத்து வரும் மெய்யையும் கால் இருந்தால் அதையும் ஒரே ரெகெக்ஸில் பிடித்து, மெய்யை முன்னால் கொண்டுவந்து, கொம்பும் காலும் சேர்ந்த குறியைப் பின்னால் வைக்க வேண்டும். நீளமான வடிவங்களை முதலில் மாற்றுங்கள். தனிக் கொம்பை முதலில் மாற்றிவிட்டால் கால் அநாதையாக நின்றுவிடும்.

கொம்பு, மெய், ளகரம் என்று வந்தால் அது ‘கௌ’வா ‘கெள’வா என்பதை நிரலால் தீர்மானிக்க முடியாது, இரண்டுக்கும் விசை ஒன்றே. சொற்பட்டியல் வைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் மனிதர்தான் பார்க்க வேண்டும். இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழாக உருமாறும். இலங்கையில் பல ஆண்டு இதழ்களும் மலர்களும் இந்த எழுத்துருவில்தான் தட்டச்சாகிக் கிடக்கின்றன. அவற்றை மாற்றுகிறவர்கள் மூல ஃபைலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. லெட் மொத்தம், கான்ஸ்ட் விலை என்று எழுதினால் எந்த டூலும் இல்லாமல் பிரவுசர் ஓட்டும், கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நிரல் சொல்லித்தர இது அருமையான வழி, பெயர் புரிவதால் பாதித் தயக்கம் போய்விடும். பலர் சேர்ந்து எழுதும் திட்டத்தில் எல்லோரிடமும் தமிழ்க் கீபோர்டு உண்டா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ‘கோ’ பற்றி மேலே சொன்னது இங்கேயும் உண்டு, ஜாவாஸ்கிரிப்ட் வேரியபிள் பெயர்களை நார்மலைஸ் செய்வதில்லை. ஓகாரத்தை ஒருவர் ஒரே குறியாகவும் இன்னொருவர் கொம்பும் காலுமாகவும் அடித்தால் அவை இரண்டு தனித்தனி வேரியபிள்கள், கண்ணெதிரே அறிவித்த பெயரையே ‘அறிவிக்கப்படவில்லை’ என்று கன்சோல் சொல்லும்.